தெளிந்த தண்ணீரில் இரும்பு

“கல்யாணம் முடிஞ்சு ஒரு ஆறு மாசம் லீவு போடு, ஜாஸ்மி. அம்மைக்கு முட்டுவலி கொறையட்டு. பெறவு நீ வேலைக்குப் போ.”

“ஆறு மாசம்தான?”

“பின்னே, உன்னையப் பிடிச்சு கூட்டுலயா அடச்சுப் போடப்போறேன்?”

நிச்சயம் முடிந்த புதிதில் சிதறால் மலை ஏறும்போது ஜெப்சன் சிரித்துக்கொண்டே சொன்னது. மூன்று வருடமாயிற்று. மாமியார் நேசம்மாளின் முட்டுவலி எப்போதோ போய்விட்டது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜாஸ்மி மட்டும் அருமனையில் உள்ள அந்த வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்பவில்லை. வேலைக்குப் போகட்டுமா என்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் நேசம்மாள் ஏதாவது ஒரு குறையோடு வந்து நிற்பார். குற்றம் சுமந்து நிற்பவள் எந்த முகத்தோடு கேட்பாள்?

இப்போதைய குறை, துணி. சபைக்கு உடுத்துப் போகும் வெள்ளைச் சேலைகள் எல்லாம் மஞ்சளித்துக்கொண்டே வந்தன.

“எம்.எஸ்சி. படிச்ச பிள்ளைக்கு ஒரு சாரி அலக்கி வெளுக்கத் தெரியல்ல,” என்று மகனிடம் சொன்னார் நேசம்மாள். “பாட்டு பாடும்போ எல்லாரும் எனக்க முந்தானையத்தான் பாக்கா.”

“புதுசாப் போட்ட குழாய்க்கிணத்துத் தண்ணியில இரும்பு இருக்கு மாமி.”

“தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. இரும்பாம்.”

தோழி பெமிலா மூலம் ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் பொட்டாசியம் தயோசயனேட்டும் நீர்த்த அமிலமும் வரவழைத்தாள் ஜாஸ்மி. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த இருவரையும் அடுக்களையில் நிறுத்தினாள். ஒரு ஜாம் பாட்டிலில் கேன் தண்ணீர், இன்னொன்றில் அப்போதுதான் பிடித்த கிணற்றுத் தண்ணீர். “இரும்பு இருந்தா செவக்கும்,” என்று இரண்டிலும் சொட்டுகளை விட்டாள்.

இரண்டும் ஒன்றுபோல் தெளிந்து நின்றன.

“செவந்தாச்சா மக்களே? எனக்குத்தான் கண்ணு தெரியாதே,” என்றார் நேசம்மாள். ஜெப்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

ஜாஸ்மி கிணற்றுத் தண்ணீர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். படித்ததெல்லாம் போய்விட்டதா? பிறகுதான் உறைத்தது. நிலத்தடியிலிருந்து புதிதாக ஏறும் நீரில் இரும்பு வேறு நிலையில் இருக்கும். காற்றுப் பட்டு மாறினால்தான் துணியில் மஞ்சள் பிடிக்கும்; இந்தச் சோதனையிலும் சிவக்கும். மருந்துப் பெட்டியில் புண் கழுவ வைத்திருந்த, காற்றின் வேலையை உடனே செய்துவிடும் பெராக்சைடை எடுத்து வந்து, இரண்டிலும் சில சொட்டுகள் விட்டாள்.

கேன் தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் முதலில் லேசாக, பிறகு நன்றாகவே சிவந்தது.

நேசம்மாள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அப்போ ஒனக்க குத்தமில்ல பிள்ளே.”

அந்த ஒரு வார்த்தைக்குக் கண் நிறைந்துவிட்டது ஜாஸ்மிக்கு. ஆனால் நேசம்மாள் நிறுத்தவில்லை. “பாத்தியா மக்கா, இப்பிடி ஒருத்தி வீட்டுல இருக்குதது எவ்வளவு நல்லது. எனக்க தங்கச்சி வீட்டுக் கெணத்தையும் இவளே பாக்கட்டு.”

“பின்கட்டுல ஒரு மேசை போட்டுக் குடுப்போம்,” என்றான் ஜெப்சன் பெருமையாக. “எல்லாத்தையும் இஞ்ச இருந்தே செய்யலாம்.”

இருவர் முகத்திலும் பிரியம்தான். குறை சொன்ன நாட்களில்கூட அவளுக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை. இன்று பேசாவிட்டால் அந்த மேசை வந்துவிடும்.

“மேசை வேண்டாம் அத்தான்,” என்றாள். “எனக்கு மறுபடியும் வேலைக்குப் போணும். என்னைய விடுங்க, மாமி.”