ஏழாம் வகுப்பு பி பிரிவின் கட்டைவிரல்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்று. வேலைக்காக ஹைதராபாத் வந்த ஒருவன் கொண்டாப்பூரில் உயரமான அடுக்ககத்தின் பால்கனியில் நின்று, தான் யார் என்று யோசிக்கிறான். நாலு பக்கம் யோசித்தான். ஐந்தாவது பக்கத்திலும் அவனுக்கு விடை கிடைக்கிற மாதிரி தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஷ்யாம், இன்னிக்கு கிளாஸுக்கு வராத பையனுக்கும் பாடம் புரிஞ்சிருச்சு" என்றாள்.

பால்கனிக்காரனை அங்கேயே விட்டுவிட்டேன். லிஃப்ட் இருக்கிறது, பசித்தால் இறங்கி வந்துவிடுவான்.

மனைவிக்கு இந்தக் கதையில் புஷ்பா என்று பெயர். நிஜப் பெயரைப் போடக் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. எழுத எழுத அவளிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது சுலபம். இரண்டாவதுதான் என் உயிரை வாங்குகிறது.

2

தொடக்கம் அமைந்துவிட்டால் மீதி தானாக வரும் என்று நம்புகிறவன் நான். ஆகவே சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

கரும்பலகையின் இருட்டில் புஷ்பா தன் முகத்தையே—

(வேண்டாம். அவள் வகுப்பில் இருப்பது வெள்ளைப் பலகை. அதில் முகம் தெரியாது. போன பீரியடின் மார்க்கர் கறைதான் தெரியும்.)

ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பும் மாலையில், ஓர் ஆசிரியை—

(இதைப் படித்ததும் புஷ்பா, "பஸ் எதுக்கு வருது?" என்றாள். சூழலுக்காக என்றேன். "அது எங்கப்பா போன பஸ். நான் ஸ்கூட்டில போறேன்" என்றாள். அவள் அங்கே தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். நான் மதுரையிலிருந்து வந்தவன். இந்த ஊரைப் பற்றி அவளிடம் வாய் கொடுத்து நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.)

செயலாராய்ச்சி என்பது, ஓர் ஆசிரியர் தன் வகுப்பறையைத் தானே கவனித்து, தன் கற்பித்தலில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைந்ததை வைத்து அடுத்த மாற்றத்தை—

(இது கதையா, பி.எட். வினாத்தாளா? ஆனாலும் விஷயம் என்னவோ இதுதான். இருக்கட்டும்.)

3

ஜூன் மாதம் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். அங்கிருந்து புஷ்பா ஒரு வட்டத்தை வரைந்துகொண்டு வந்தாள். திட்டமிடு, செய்து பார், கவனி, யோசி, மறுபடி திட்டமிடு. "இதுல முடிவு எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"முடிவெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம். சுத்திக்கிட்டே இருக்கணும். அதான் ஆக்‌ஷன் ரிசர்ச்."

கதை எழுதுகிறவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் படம் இருக்க முடியாது.

ஆராய்ச்சி என்றால் ஒரு கேள்வி வேண்டும். அவள் ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு நடத்துகிறாள். "ஏழு பி மாணவர்கள் பின்னக் கணக்குகளில் ஏன் கவனக்குறைவாக இருக்கிறார்கள்?" என்று எழுதி, முதல்வர் அனசூயா மேடத்திடம் கொண்டுபோனாள்.

4

இந்த இடத்தில் ஒரு வில்லி தேவைப்பட்டாள். அனசூயா மேடத்துக்கு ஒரு குளிர்ந்த பார்வையும், மேசையைத் தட்டும் பேனாவும் கொடுத்து அரைப் பக்கம் எழுதினேன். புஷ்பா அதைப் படித்துவிட்டு, "யார் இது?" என்று கேட்டாள்.

"உங்க பிரின்சிபல்."

"அவங்க இப்படி இல்லையே. அவங்க பேனாவை எப்பவும் தொலைச்சிட்டு என்கிட்டதான் வாங்குவாங்க."

அரைப் பக்கம் போயிற்று. நிஜத்தில் நடந்தது இதுதான். அனசூயா மேடம் கேள்வியைப் படித்தார். "புஷ்பா, இது ஆராய்ச்சியா, பிள்ளைகள் மேல புகாரா?" என்று தெலுங்கில் சாதாரணமாகக் கேட்டார். புஷ்பாவுக்கு ஒரு மாலை முழுவதும் கோபம். பாத்திரங்கள் அதிகச் சத்தத்தோடு கழுவப்பட்டன. கடைசியில் அவளே கேள்வியை மாற்றினாள்: "நான் நடத்தியது யாருக்குப் புரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரிகிறது?"

வில்லி போனதால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பள்ளி நிர்வாகம் வீடியோப் பாடங்கள் வாங்கியிருந்தது. தசரா விடுமுறைக்குப் பிறகு ஏழு பி-க்குக் கணக்கை ஒரு பெரிய டிவி நடத்தும். ஆசிரியருக்கு அதைப் போட்டு அணைக்கிற வேலை. "தசராவுக்குள்ள உங்க வகுப்புல ஒரு முன்னேற்றத்தைக் காட்டுங்க, நான் நிர்வாகத்துகிட்ட பேசறேன்" என்றார் அனசூயா மேடம்.

புஷ்பாவுக்கு அந்த வகுப்பை விட மனமில்லை. மூன்று மொழியில் ஒரே நேரத்தில் கத்துகிற, டிஃபன் பாக்ஸை இரண்டாவது பீரியடிலேயே திறக்கிற அந்தப் பிள்ளைகளை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இந்தக் கதையில் பணயம் அதுதான், வேறெதுவும் இல்லை.

5

இனி கட்டைவிரல்.

பாடம் முடிந்ததும் "அர்த்தமைந்தா?" என்று தெலுங்கில் கேட்பது அங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் பழக்கம். புரிந்ததா என்று அர்த்தம். "யெஸ் மேடம்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். இதை நம்ப முடியாது என்று புஷ்பாவுக்குத் தெரியும். ஆகவே வாயை மூடிக்கொண்டு விரலைக் காட்டச் சொன்னாள். புரிந்தால் கட்டைவிரல் மேலே, புரியாவிட்டால் கீழே.

வகுப்பு முழுக்க மேலே. சந்தீப் என்ற பையன் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கி இரண்டு கட்டைவிரலைக் காட்டினான்.

"ரெண்டு எதுக்குடா?"

"ஏக் மேரா, ஏக் சரத் கா, மேடம்."

ஒன்று அவனுடையது, இன்னொன்று சரத்துடையது. சரத் பக்கத்து இடத்துப் பையன். அன்று அவனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கே வரவில்லை.

"வராதவனுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"நீங்க நடத்தினா புரிஞ்சிடும் மேடம்" என்றான் சந்தீப், இந்தியில், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

என்னிடம் இதைச் சொல்லிவிட்டு புஷ்பா சோபாவில் விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு இப்பதான் விளங்குது ஷ்யாம். அந்த யெஸ் மேடம் பதிலே இல்ல. குட்மார்னிங் மாதிரி அது ஒரு மரியாதை. அதை வாங்கிக்கிட்டு இத்தனை வருஷமா அடுத்த பாடத்துக்குப் போயிருக்கேன்."

6

இதுவரை உங்களுக்குப் புரிகிறதல்லவா?

(கேட்டிருக்கக் கூடாது. நீங்களும் ஆமாம் என்றுதான் சொல்வீர்கள்.)

7

இரண்டாவது சுற்றில் புஷ்பா "அர்த்தமைந்தா?" என்று கேட்பதையே நிறுத்த முடிவு செய்தாள். பழக்கம் விடுமா. "அர்த்த—" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்த அரைச் சொல்லுக்கே "யெஸ் மேடம்" வந்துவிடும். அதற்குப் பதிலாக, "எந்த இடத்துல நான் உங்களை விட்டுட்டுப் போயிட்டேன்?" என்று கேட்கத் தொடங்கினாள். கேட்டுவிட்டு சும்மா நின்றாள். சில நாட்கள் வகுப்பும் சும்மா இருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டதாம். ஏழு பி-யில் அது நடக்காத காரியம்.

பிறகு ஒருநாள் ஸ்ரேயா எழுந்தாள். முதல் பெஞ்ச், நல்ல மார்க், சத்தமாக யெஸ் மேடம் சொல்கிறவள். "உல்டா கைக்கு கர்னா, மேடம்?" என்றாள்.

பின்னத்தால் வகுக்கும்போது அதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் சொல்லித் தந்த விதி. அவள் கேட்டது இதுதான்: ஏன் தலைகீழாக்க வேண்டும்? (உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்.) ஸ்ரேயா கேட்டதும் பின்னாலிருந்து இன்னொரு குரல், "அர்த்தம் காலேது மேடம்" என்றது. புரியவில்லை என்று. அப்புறம் இன்னொன்று. அணை உடைந்தது. ஜூனிலிருந்து நடத்தியதில் பாதி யாருக்கும் ஏறவே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

"யாருக்கும் ஒண்ணுமே புரியல ஷ்யாம்" என்றாள் புஷ்பா வீட்டுக்கு வந்து. மகள் மாநிலத்தில் முதலாவதாக வந்த செய்தியைச் சொல்லும் முகம் அவளுக்கு. நானும் சந்தோஷப்பட்டேன், எதற்கென்று தெரியாமலேயே.

சிக்கல் என்னவென்றால், தலைகீழாக்குவது ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்திருந்தாள். அன்றைய டிஃபன் ஆறு தோசை. ஆறு தோசையை ஆளுக்கு முக்கால் தோசை வீதம் கொடுத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம்? ஒவ்வொரு தோசையையும் நாலாகக் கிழித்தாள். இருபத்துநாலு துண்டு. ஆளுக்கு மூன்று துண்டு. எட்டுப் பேர். "நாலால பெருக்கி மூணால வகுத்தோம். முக்காலைத் தலைகீழாக்கினா இதேதான். ஹவ், ஆமால்ல, இவ்வளவுதானா?" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. தோசை ஆறிப்போயிருந்தது. எட்டுப் பேர் தின்ன வேண்டியதை இரண்டு பேர் தின்றோம்.

மறுநாள் வகுப்பில் காகிதத் தோசை. அதற்கடுத்த நாளும் அதுவே. விளைவு, பாடத்தை முடிக்கவில்லை. தேர்வு வந்தது. முடிக்காத பகுதியிலிருந்து கேள்விகளும் வந்தன. ஏழு பி-யின் மதிப்பெண் முன்பைவிட இறங்கிவிட்டது.

8

"மீட்டிங்ல காட்டப்போற கிராஃப்பை என்கிட்ட கொடு" என்றேன். "கதையில நாங்க எங்கே ஆரம்பிக்கணும்னு தேர்ந்தெடுக்கிற மாதிரிதான். தேர்வை விட்டுடு. வகுப்புல எத்தனை பேர் கேள்வி கேட்டாங்கன்னு மட்டும் போடு. ஜிவ்வுனு மேலே போகும்."

"நக்கோ. கதையை நீ எழுது. இதை நான் பார்த்துக்கறேன்."

ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு கிராஃப்பையும் காட்டினாள், ஏறியதையும் இறங்கியதையும். சரத்தின் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும் அனசூயா மேடம் அறையைச் சுற்றிப் பார்த்து, "அர்த்தமைந்தா?" என்றார். "யெஸ் மேடம்" என்றார்கள் ஆசிரியர்கள் அத்தனை பேரும்.

முதலில் சிரித்தது அனசூயா மேடம்தான். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "இந்த மார்க்கை நிர்வாகத்துகிட்ட காட்ட முடியாது புஷ்பா" என்றார். "திங்கட்கிழமை முதல் பீரியட் நானே வந்து உட்கார்றேன். பிள்ளைங்க நிஜமாவே வாயைத் திறக்கறாங்களான்னு பார்க்கறேன். பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

இங்கே நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) திங்கட்கிழமை பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். அனசூயா மேடம் புஷ்பாவின் கையைப் பிடித்து— 

(ஆ) தசராவுக்குப் பிறகு பெரிய டிவி. சந்தீப் அதற்கும் இரண்டு கட்டைவிரலைக் காட்டுகிறான். டிவி அவனை ஏன் என்று கேட்கவில்லை.

(ஆ) எனக்குப் பிடித்திருந்தது. கடைசி வரி நன்றாக விழுந்திருந்தது. புஷ்பா இரண்டையும் அடித்தாள். "இன்னும் திங்கட்கிழமையே வரல. டேட்டா வராம முடிவு எழுதறதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"கதை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது.

9

நேற்று, சனிக்கிழமை, மாடிப்படியில் ஸ்ரேயா அவளிடம் ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறாள். சந்தீப் வகுப்பு முழுக்கப் பேசி ஏற்பாடு செய்துவிட்டான். பிரின்சிபல் மேடம் வந்து உட்காரும்போது ஒருவரும் சந்தேகம் கேட்கக் கூடாது. எல்லாம் புரிந்தது என்றே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் புஷ்பா மேடத்துக்கு நடத்தத் தெரியவில்லை என்று டிவியைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

பிள்ளைகள் அவளைக் காப்பாற்றப் போகிறார்கள். அப்படிக் காப்பாற்றினால் அனசூயா மேடம் பார்க்கப்போவது ஜூன் மாதத்து ஏழு பி-யைத்தான். இவ்வளவு நாள் செய்ததற்கு ஒரு தடயமும் இருக்காது.

"நாளைக்கு வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்கடான்னு" என்றேன்.

"நான் சொல்லிக் கொடுத்து அவங்க சொன்னா, அதுவும் யெஸ் மேடம்தானே ஷ்யாம்."

எனக்கு அவளுக்காகப் பயமாக இருந்தது. அவளோ நாளைக்கான கணக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். சுலபமான ஒன்றை எடுத்துக்கொள்ளேன் என்றேன். "சுலபமா இருந்தா கேள்வி எப்படி வரும்?" என்று இருப்பதிலேயே சிக்கலானதை எடுத்தாள். என்ன பெண் இவள்.

10

நாளை காலை நான் அங்கே போக முடியாது. கொண்டாப்பூரில் எனக்கு மீட்டிங். முடிவை நான் எழுதவும் கூடாது, தடை. ஆகவே உங்களை அனுப்புகிறேன்.

கடைசிக்கு முந்தைய பெஞ்சில் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். உங்களுக்கு வயது பன்னிரண்டு. புஷ்பா மேடம் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கைப் பலகையில் போட்டு முடித்துவிட்டார். மூன்றாவது வரியிலிருந்து நான்காவது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியவில்லை என்று அவன் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது.

மேடம் திரும்புகிறார். "எந்த இடத்துல உங்களை விட்டுட்டுப் போயிட்டேன்?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். அவசரப்படுத்தவில்லை. முன் வரிசையில் சந்தீப் கழுத்தைத் திருப்பி எல்லாரையும் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறான், வேண்டாம் என்று. சுவரோரம் நாற்காலியில் அனசூயா மேடம். அவர் பார்வை ஒவ்வொரு பெஞ்சாக வந்து உங்கள் மேல் நிற்கிறது.

உங்களுக்குப் புரியவில்லை. உங்களுக்கு உங்கள் மேடத்தை ரொம்பப் பிடிக்கும். 

எழுந்து நில்லுங்கள். என்ன சொல்லப் போகிறீர்கள்?