மேவிஸ் கிண்டிய கஸ்டர்ட்

போன மாதம், நான் சமையலறையில் வேலை பார்த்த பள்ளியின் பழைய மாணவர்கள் கூடிய விருந்தில், தலை முழுக்க வழுக்கையான ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாய்ஸ் அக்கா, அந்த ரோஸ் கஸ்டர்ட்! சாக்லேட் கேக்கு மேல சுடச்சுட ஊத்துவீங்களே, அந்த ருசி அப்புறம் எங்கயுமே கிடைக்கலக்கா." அவ்வளவுதான், மேசை முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது. செமோலினா என்ற ரவைக் கூழின் நடுவில் வைத்த ஒரு பொட்டு ஜாமைக் கலக்கிக் கலக்கித் தட்டையே சிவப்பாக்கியதை ஒருத்தி சொன்னாள். ஜவ்வரிசியைத் தவளைமுட்டை என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவளை அழவைத்ததை இன்னொருவன் சொன்னான். முட்டைக்கோஸ் குழைய வெந்த நாற்றம்கூட அவர்களுக்கு இப்போது மணக்கிறது. யார் சமைத்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"அதைக் கிண்டினது மேவிஸ் டோர்டாஃப்" என்றேன்.

சிலர் தட்டைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. நான் அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் அன்று வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தேன்.

எண்பத்து நான்காம் வருடம், இங்கிலாந்து. யார்க்‌ஷயரில் எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் வசந்தத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் இலை உதிர்ந்த பிறகும் முடியவில்லை. எந்த வீட்டிலும் சம்பளம் இல்லை. பள்ளியில் போடும் மதியச் சாப்பாடுதான் பல பிள்ளைகளுக்கு அன்றைய ஒரே முழுச் சாப்பாடு. மேவிஸ் தலைமைச் சமையல்காரி, நான் அவளுக்குக் கீழே எடுபிடி. அந்த வருடம் அவள் இனிப்பையெல்லாம் கனமாக்கினாள். மாட்டுக்கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, துணியில் சுற்றி ஆவியில் வேகவைத்த ஜாம் சுருள், பாகு வடியும் கேக், அதன்மேல் கெட்டியாகக் கஸ்டர்ட். "ராத்திரி வரைக்கும் வயித்துல நிக்கணும்டி" என்பாள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் புருஷன் நெவில் வேலைக்குத் திரும்பினான். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பஸ்ஸில், போலீஸ் காவலோடு போனான். ஊரே தெருவில் நின்று "கருங்காலி!" என்று கத்தியது. கத்தியவர்களில் என் புருஷனும் ஒருவன்.

அன்று மதியம் பிள்ளைகள் வழக்கம்போல வரிசையில் வந்தார்கள். மேவிஸ் கரண்டியை எடுத்தாள். முதலில் நின்ற ஜில் என்ற சிறுமி தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உங்க கையால வாங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு தட்டாக மறைந்தது. சாப்பிடாமலே போய் உட்கார்ந்தார்கள். சின்னவன் ஒருவன் கேக்கைப் பார்த்தபடி விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். பாத்திரம் பாத்திரமாக நான் எல்லாவற்றையும் பன்றிகளுக்குப் போகும் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். மறுநாளும் அதேதான்.

"அக்கா, நீங்க பின்னால இருங்க. நான் பரிமாறுறேன்" என்றேன்.

"உன்கிட்ட வாங்கினாலும் சமைச்சது நான்தானே? அவங்க அம்மாமாருங்க சொல்லணும்." கையைத் துடைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டாள். "வா."

போராட்டக்காரர்களின் மனைவிகள் சங்கக் கூடத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார்கள். அவர்களுக்குத் தலைவி ஐரிஸ், ஜில்லின் அம்மா. மேவிஸ் உள்ளே நுழைந்ததும் உருளைக்கிழங்கு சீவும் சத்தம் நின்றது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்தே?" என்றாள் ஐரிஸ்.

"இருக்கிற ஒரே மூஞ்சியத்தான்."

"பஸ் ஏறுறப்ப உன் ஆளைத் தடுத்தியா?"

"தடுத்தேன். ஏறிட்டான். நான் ஏறலையே, ஐரிஸ்." மேவிஸ் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "என்னைத் திட்டு, துப்பு, வாங்கிக்கிறேன். ரெண்டு நாளா உங்க பிள்ளைங்க பட்டினி. நாளைக்கு சாக்லேட் கேக்கு, ரோஸ் கஸ்டர்ட். என் கை தீட்டுன்னா நீ வந்து பரிமாறு. நான் அடுப்பை விட்டு வெளிய வரமாட்டேன்."

கூட்டத்தில் ஒருத்தி, "கருங்காலி பொண்டாட்டிக்கு வாயைப் பாரு" என்றாள். மறுநாள் காலை மேவிஸ் வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரத்தில் பால் வைத்தாள்.

"யாரும் வரலைன்னா?" என்றேன்.

"வரலைன்னா நாளைக்கும் காய்ச்சுவேன்."

மணி அடிக்கும் நேரத்தில் ஐரிஸ் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேவிஸ் இருந்த பக்கமே திரும்பாமல் கரண்டியை எடுத்துக்கொண்டு, "ம், தட்டை நீட்டுங்க" என்றாள். அன்று தட்டுகள் வழித்து நக்கிய மாதிரி திரும்பின. ஆவிக்குள் நின்று மேவிஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே நடந்தது. ஒருத்தி கிண்டினாள், ஒருத்தி ஊற்றினாள். இருவருக்கும் நடுவில் இருந்த நான்தான் பேச்சுக்குப் பாலம். "உப்பு கொஞ்சம் தூக்கல்னு சொல்லு அவகிட்ட" என்பாள் ஐரிஸ். அப்படியே போய்ச் சொல்வேன். மறுநாள் உப்பு சரியாக இருக்கும்.

மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. ஆண்கள் கொடி பிடித்துக்கொண்டு, பேண்டு வாத்தியம் முழங்கச் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். அன்று மதியம் ஐரிஸ் வந்தாள். எப்போதும் வரும் பரிமாறும் மேடைக்கு வராமல் வாசல் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் வேறு சில அம்மாக்களும் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கணிக்க முடியவில்லை.

நான் கரண்டியை எடுக்கப் போனேன். மேவிஸ் என் கையை விலக்கினாள். ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அத்தனை மாதம் கழித்து மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். பாத்திரத்தில் கரண்டியை ஆழமாக விட்டு நிறைய அள்ளி, தூக்கிப் பிடித்தாள்.

வரிசையின் தலையில் ஜில். தட்டு அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. திரும்பி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். கரண்டியின் விளிம்பிலிருந்து ரோஸ் கஸ்டர்ட் ஒரு சொட்டு மேடையில் விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. மேவிஸ் கையை இறக்கவில்லை.