வெளியாள்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறலாமா என்று ஓட்டு நடந்தபோது எம்லின் "வெளியேறு" என்று குத்தினான். அவன் மனைவி நெஸ்டா "வேண்டாம்" என்று குத்தினாள். "நம்ம கடல்ல என்ன பண்ணணும்னு எவனோ பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றதா?" என்று ஊரை ஒட்டிய மெனாய் ஜலசந்திக் கரையின் மதுக்கடையே அதிரக் கத்தினான் எம்லின். அந்தக் கடலில் அவன் வளர்த்த சிப்பிகளைத் தின்றவர்கள் அத்தனை பேரும் ஒன்றியத்துக்காரர்கள்தான். அது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

வெளியேற்றம் அமலுக்கு வந்த ஜனவரியில், ஹாலந்துக்குப் புறப்பட்ட முதல் லாரியைத் துறைமுகத்திலேயே மறித்துவிட்டார்கள். பல வருடமாக அவனிடம் வாங்கிவந்த ஹாலந்து வியாபாரி மரீனஸ் போன் செய்தார்.

"நான் என்னப்பா பண்ணட்டும்? சுத்தம் பண்ணாத சிப்பிய வெளிநாட்டுலேர்ந்து உயிரோட எடுக்கக் கூடாதாம்."

"போன மாசம் எடுத்தீங்களே! அதே சிப்பி, அதே தண்ணி!"

"போன மாசம் நீ உள்ளாள். இப்ப வெளியாள். அந்தச் சட்டம் போட்டப்ப உங்க ஆளுங்களும்தான் கூட உக்காந்து கை தூக்கினாங்க."

லாரி திரும்பி வந்தபோது சிப்பிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. புருஷனும் பெண்டாட்டியுமாகக் குழி வெட்டி அள்ளிக் கொட்டினார்கள்.

"மனசுல இருக்கறதச் சொல்லித் தொலையேன்" என்றான்.

"சொல்ல என்ன இருக்கு? குத்தினது நீ, அள்ளறது நான்."

அடுத்த குளிருக்குள் சிப்பி அள்ளும் படகை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் மரீனஸ்தான். "இந்த எஞ்சின் உன் பேச்சைத்தான் கேக்கும். நீயே ஹாலந்துக்கு வந்து ஓட்டேன்" என்றார். எம்லினுக்கு நெடுநாளைக்குப் பிறகு முகம் மலர்ந்தது. நெஸ்டா அவனுடைய கம்பளிச் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கூட வைத்துவிட்டாள். ஆனால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. ஒன்றியத்துக்குள் ஆள் கிடைக்கும்போது வெளிநாட்டானை வைக்கக் கூடாதாம்.

படகை எடுத்துப்போக, மரீனஸ் ஒன்றியத்துக்குள்ளேயே பிடித்த ருமேனியாக்காரன் ஒருவன் வந்தான். சாவியைத் திருகினான், எஞ்சின் முக்கியது, கிளம்பவில்லை.

"எப்படிண்ணே ஸ்டார்ட் பண்றது?"

எம்லின் உள்ளே இறங்கி, எதை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று நிதானமாகக் காட்டிக் கொடுத்தான். அவன் கைக்கு எஞ்சின் உடனே உறுமியது. கரைக்கு ஏறி, கயிற்றையும் அவனே அவிழ்த்துவிட்டான்.

இப்போது எம்லின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். அவன் விதைத்துவிட்டு வந்த சிப்பிகள் கடலுக்கடியில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நட்சத்திர மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து தின்கின்றன.