வினார்சியின் பெயரில் வந்த செய்தி

வண்டி ஓட்டும்போது வினார்சி போனைத் தொடுவதில்லை. பெற்றோர்கள் கேட்டுக்கொண்டது அது. சோலோ நகரத்துத் தெருக்களில் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாகப் போகிற ஓட்டுநர்களைப் பார்த்துப் பயந்துபோன தாய்மார்கள், குழந்தைகளை அவளிடம் ஒப்படைத்த முதல் வாரமே அதைச் சொல்லிவிட்டார்கள். அவளும் போனைச் சத்தம் வராமல் ஆக்கி, பைக்குள் போட்டு, பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்ட பிறகுதான் சாவியைத் திருகுவாள்.

அவளுடைய தொழில் அந்தப் பழைய வேன்தான். மெலாத்தி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய், பள்ளி விட்டதும் வீடு வீடாக இறக்குவாள். பிள்ளைகள் அவளைப் 'புதே' என்பார்கள். பெரியம்மா என்று அர்த்தம். தாய்மார்களுடன் பேச்செல்லாம் செய்திச் செயலியில் அவள் ஆரம்பித்த குழுவில்தான். இன்றைக்கு யார் லீவு, யாருக்குக் காய்ச்சல், மழையில் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் அதில் வரும். பள்ளி வாசலில் இருந்து கிளம்பும் முன் தினமும் 'கிளம்பிட்டோம்' என்று போடுவாள். குழுவின் முகப்பிலேயே எந்தப் பிள்ளை, எந்தத் தெரு, யாருடைய அம்மா என்று எழுதி வைத்திருந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

அவள் கணவன் பார்ஜோனோ மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறவன். பட்டறையில் யாருக்கோ போன் கணக்குத் திருட்டுப் போனதைக் கேட்டுவிட்டு வந்து, செயலிக்கு இரண்டாவதாக ஒரு பூட்டு எண் வைக்கச் சொல்லி அவளிடம் பலமுறை சொன்னான். "வங்கிக்கு ஒரு நம்பர், போனுக்கு ஒரு நம்பர், இதுக்கும் ஒண்ணா? மறந்துபோய் நடுத்தெருவில நிப்பேன் நான்," என்று சிரித்துவிட்டாள். அவனும் அப்புறம் விட்டுவிட்டான்.

மழைக்காலம் தொடங்கிய புதிதில் ஒரு நாள், பள்ளி மணி அடிக்கச் சற்று முன்பாக, வாசலில் வேனை நிறுத்திவிட்டு அவள் ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கிரானா என்ற பெண்ணின் அம்மா கிரிஸ்தாந்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தான் சேர்ந்திருக்கிற தையல் வகுப்புக்கு வரவேண்டிய எண் ஒன்று தவறுதலாக வினார்சியின் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்திருக்கும், உடனே பார்த்து அனுப்ப முடியுமா, நேரம் கடந்தால் செல்லாமல் போய்விடும் என்று எழுதியிருந்தது. பார்த்தால் உண்மையிலேயே ஆறு இலக்க எண் ஒன்று வந்திருந்தது. அதற்குக் கீழே இதை யாருக்கும் தராதீர்கள் என்று ஏதோ இருந்தது. அந்த மாதிரி எல்லாக் குறுஞ்செய்தியிலும்தான் இருக்கும். கிரிஸ்தாந்தி யாரோ இல்லையே. வினார்சி எண்ணை அனுப்பிவிட்டு டீக்குக் காசு கொடுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது செயலி அவளை வெளியே தள்ளியிருந்தது. உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள் என்று புதிதாகக் கேட்டது. பழைய போன், அவ்வப்போது இப்படி முரண்டு பிடிக்கும். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் மழைக்கோட்டுகளோடு ஓடிவந்து வேனை மொய்த்துக்கொண்டார்கள். 'கிளம்பிட்டோம்' என்று போட முடியவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு நாள்தானே என்று போனைப் பைக்குள் போட்டுப் பையைக் காலால் உள்ளே தள்ளினாள்.

ரயில்வே கேட்டில் வெகுநேரம் நிற்கவேண்டி வந்தது. அப்போது கிரானா குனிந்து பார்த்துவிட்டு, "புதே, உங்க பைக்குள்ள வெளிச்சம் வந்து வந்து போகுது," என்றாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாள் வினார்சி. பெற்றோர்களுக்குக் கொடுத்த வாக்கை அவள் ஒருநாளும் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை.

முதலில் இறங்கவேண்டியவள் சேகார். அவள் அம்மா லிஸ்தியா வேன் திரும்பும் சத்தம் கேட்டாலே குடையோடு வந்து நிற்பாள். அன்று கதவு பூட்டியிருந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. சேகாரை வேனிலேயே உட்கார வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் பூட்டு. மூன்றாவது வீட்டில் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. ஒரு தெருவில் ஒருத்தி வெளியே போயிருக்கலாம். எல்லா வீட்டிலும் எப்படி?

பக்கத்து வீட்டில் சோயாவில் செய்த தெம்பே பொரித்துக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். வினார்சியைப் பார்த்தாள், வேன் ஜன்னலில் தெரிந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தாள். அம்மா என்று மரியாதையாக அழைக்கும் 'இபு' என்ற சொல்தான் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது.

"இபு, நீங்க... வேன் கவுந்துடுச்சுன்னாங்களே. புள்ளைங்க எல்லாம் பெரியாஸ்பத்திரில கெடக்குதுன்னு."

"யாரு சொன்னது?"

"நீங்கதான். உங்க நம்பர்லேருந்துதான் எழுதி வந்துச்சாம். அட்மிஷனுக்குப் பணம் கட்டச் சொல்றாங்க, உடனே அனுப்புங்க, பேச முடியலன்னு. இந்த வீட்டம்மா செருப்புகூடப் போடாம ஓடினாங்க."

வினார்சி பையை இழுத்துப் போனை எடுத்தாள். தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிடலாம் என்றால் இணையம் மட்டும்தான் இருந்தது. சாதாரண அழைப்புக்குப் பணம் போட்டு மாதக்கணக்கில் ஆகிவிட்டது. யாருக்கு அது தேவைப்பட்டது? எல்லாம் செயலியில்தானே. செயலியைத் திறந்து தன் எண்ணைப் போட்டாள். ஒரு பூட்டு எண்ணைக் கேட்டது. அவள் ஒருநாளும் வைக்காத பூட்டு. வாயில் வந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். பிறகு வந்து முயற்சி செய்யுங்கள் என்று அது வாயை மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் அந்தத் தாய்மார்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரைக் கூப்பிட்டாலும் லைன் கிடைக்கவில்லை, வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார்கள். வினார்சிக்கு அப்போதுதான் ஆறு இலக்க எண் நினைவுக்கு வந்தது. வேனுக்குள் தலையை நீட்டிக் கிரானாவிடம், உன் அம்மா தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளா என்று கேட்டாள்.

கிரானாவுக்குப் புரியவில்லை. "அம்மா எங்கயும் போகல. அம்மா போன் நேத்தே கெட்டுப்போச்சு, புதே. அப்பா திட்டினாரு. அம்மா அழுதாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க," என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகளை அப்படியே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வேனை விட்டாள். மழை வலுத்தது. பசி வந்த சின்னதுகள் சிணுங்க ஆரம்பித்தன. எங்கே போகிறோம் என்று சேகார் கேட்டாள். அம்மாக்களைக் கூப்பிட்டுவரப் போகிறோம் என்றாள் வினார்சி. முன் கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. இந்த நிமிடமும் தன் பெயரில் யாரோ எழுதிக்கொண்டிருப்பான், யாரோ அதை நம்பிப் பணத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவசரப் பிரிவு வாசலில் தாய்மார்கள் கும்பலாக நின்றார்கள். அப்படி யாரும் வரவில்லை என்று உள்ளே இருந்தவர்கள் சொல்ல, இவர்கள் நம்பாமல் ஒவ்வொரு படுக்கையாகப் பார்க்கக் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தார்கள். வேனைப் பார்த்ததும் எல்லோரும் அதை நோக்கி ஓடிவந்தார்கள். கதவு திறந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்க, அவர்களைத் தொட்டுப் பார்த்து, தலையைத் தடவி, முகத்தோடு முகம் வைத்து, சிலர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வினார்சியை யாரும் பார்க்கவில்லை. இரண்டு தகப்பன்மார் பணம் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் போனும் கையுமாக வங்கியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒருத்தி வந்தாள். குரலை உயர்த்தாமல், "ஏன் இபு அப்படி எழுதினீங்க?" என்று கேட்டாள்.

தான் எழுதவில்லை என்று சொல்லிப் போனை நீட்டினாள் வினார்சி. அதில் காட்ட எதுவும் இல்லை, எண்ணைப் பதிவு செய்யச் சொல்லும் வெற்றுத் திரைதான். அந்தத் தாய் தன் போனைக் காட்டினாள். அதில் வினார்சியின் படம், பிள்ளைகளோடு வேனுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். அதற்குக் கீழே குழந்தையின் பெயரைச் சொல்லி, மூச்சு இருக்கிறது, சீக்கிரம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

எல்லோரும் அவரவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தபோது சேகார் மட்டும் தனியாக நின்றாள். லிஸ்தியாவைக் காணோம். அவளும் வந்திருப்பாள், எங்கேயோ தேடிக்கொண்டிருப்பாள் என்றுதான் வினார்சி நினைத்தாள். சேகாரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது, உள்ளேயிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி இறக்கினார்கள். மழையில் ஸ்கூட்டரில் பறந்து வந்தவள் பாலத்து இறக்கத்தில் சறுக்கி, முன்னால் போன லாரியின் பின்பக்கத்தில் மோதியிருக்கிறாள்; ஏற்றிவர வண்டி கிடைக்க வெகுநேரமாகியிருக்கிறது. சேகார்தான் முதலில் அடையாளம் கண்டாள். வினார்சி குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள். செய்யமுடிந்தது அவ்வளவுதான்.

லிஸ்தியா பிழைத்துக்கொண்டாள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது, வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அன்று சாயங்காலமே பார்ஜோனோவோடு காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். எழுதிக்கொண்டவர் பொறுமையாகத்தான் கேட்டார். வேறு ஊரில், வேறு தீவில் உட்கார்ந்துகூடச் செய்வார்கள், பார்க்கலாம் என்றார். செயலிக்காரர்களுக்கும் பார்ஜோனோ எழுதினான். திருடன் வைத்த பூட்டு தளரச் சில நாள் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவன் தன் போனில் அவள் பெயரைத் திறந்தான். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கை மடியில் இருந்தது. திரையில் அவள் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று வந்தது. பார்ஜோனோ போனைக் கவிழ்த்து வைத்தான். பூட்டு எண்ணைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கிரிஸ்தாந்தி இரண்டு நாள் கழித்து வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் நாள் தன் கணக்கு போனதுமே குழுவில் இருக்கிற யாருக்காவது ஆள் விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று தானே சொன்னாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் வினார்சி.

"வெட்கமா இருந்துச்சு. ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே முட்டாள்னு சொல்லிட்டாரு. மத்தவங்களும் சொல்லணுமா?"

கத்த வேண்டும் என்றுதான் வினார்சிக்கு வந்தது. ஆனால் அந்த ஆறு எண்ணைத் தன் கையாலேயே அனுப்பியதை அவளும் இன்னும் முழுதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏதோ திருட்டு நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தாள். கிரிஸ்தாந்திக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். இருவரும் அதைக் குடிக்கவில்லை.

அடுத்த நாள் வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று, எண் வந்ததையும் தான் அனுப்பியதையும் மறைக்காமல் சொன்னாள். தெரிந்த பிள்ளையின் அம்மா பெயரில் கேட்டாலும் அந்த எண்ணைத் தராதீர்கள், அவசரம் என்று செய்தி வந்தால் குரலைக் கேட்காமல் நம்பாதீர்கள் என்றாள். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. அடுத்த வாரம் வேனில் ஏறியவர்கள் கிரானாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும்தான். மற்றவர்களை அவரவர் அப்பாக்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் அவளைக் கண்டால் மரியாதையாகச் சிரித்தார்கள்.

கணக்கு திரும்பி வந்தது. பார்ஜோனோ சொன்ன பூட்டு எண்ணை வைத்தாள். முகப்பில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை, தெருக்களை, எல்லாவற்றையும் அழித்தாள். குழுவில் பாதிப் பேர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள்.

லிஸ்தியாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கோழிச் சாறும் சோறும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். லிஸ்தியா படுத்தபடியே வரவேற்றாள், உட்காரச் சொன்னாள். சேகாரைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது, உடம்பு சரியாகும்வரை சேகாரைக் காசு வாங்காமல் கொண்டுவிடுகிறேன் என்றாள் வினார்சி.

லிஸ்தியா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மேல கோபம் இல்ல, இபு. சத்தியமா இல்ல. ஆனா உங்க பேரு போன்ல வந்தாலே சேகார், சேகார்னு கூப்பிட ஆரம்பிச்சுடறேன். நான் என்ன பண்ணட்டும்?"

வேண்டுமானால் செய்தி அனுப்பவே மாட்டேன், நேரில் வந்து மட்டும் சொல்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள் வினார்சி. லிஸ்தியாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. துடைக்க அவளுக்குக் கை எழவில்லை. வினார்சி துடைத்துவிட்டாள். பாத்திரத்தைச் சமையலறையில் வைத்துவிட்டு வெளியே வந்து, காலியாக நின்ற வேனில் ஏறி உட்கார்ந்தாள். வெகுநேரம் அவள் சாவியைத் திருகவில்லை.