கை படாமல் பதினாலு வண்டி

என் மனைவி ரயில்வேயில் வேலை பார்த்தவள் அல்ல. செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்குக் கடைவாய்ப் பல் செதுக்கியவள். ஓய்வு பெற்ற மறுமாதம் என் படிப்பறையை அளந்தாள். புது அலமாரி வரப்போகிறது என்று நினைத்து, அளவு நாடாவின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஒரே வருஷத்தில் அந்த அறையின் மூன்று சுவர்களையும் ஒட்டி, இடுப்பு உயரத்தில் பலகை வந்துவிட்டது. பலகைமேல் விரல் அகலத் தண்டவாளம், மூன்று ஸ்டேஷன்கள், பல் அச்செடுக்கும் மாவில் செய்த குன்றுகள். என் புத்தகங்கள் கட்டிலடிக்கும் பரணுக்கும் போயின. அச்சகத்திலிருந்து வரும் தாள்களைச் சமையலறை மூலையில் உட்கார்ந்து பிழை திருத்தினேன். குக்கர் சத்தத்தில் ஒற்றெழுத்துகள் ஓடிப்போகும்.

"பொம்மை ரயில் சுத்திச்சுத்தி ஓடுறதுக்கா இவ்வளவு பாடு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சுத்திச்சுத்தி ஓடுறது கடையில கிடைக்கும். வாங்கி நீங்க விளையாடுங்க. இது டைம்டேபிள்படி ஓடுற ரயில்வே."

விஷயம் இதுதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வருவார்கள். ஒருவன் அவளுடைய தம்பி, பஸ் டிரைவர். மற்ற இருவர் ஒரு தபால்காரரும் ஒரு தையல்காரரும். சுவரில் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தாள். அதன் கணக்கில் இரண்டு மணி நேரம் ஒரு முழு நாள். அந்த ஒரு நாளுக்குள் பதினாலு வண்டிகள் கிளம்பி, ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நின்று, போய்ச் சேர வேண்டும். எந்த வண்டி எப்போது புறப்படலாம் என்று உத்தரவு கொடுப்பவள் அவள். மற்ற மூவரும் பலகை ஓரத்துக் குமிழ்களைத் திருப்பி மின்சாரத்தில் வண்டிகளை ஓட்டுவார்கள். கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு எந்த வண்டியையும் யாரும் கையால் தொடக் கூடாது. தடம் புரண்டதைத் தூக்கி வைத்தாலும், நின்றதைத் தள்ளினாலும், அது 'கை'. ஒரு கை பட்டால் அந்த நாள் கெட்டது.

நாலு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கெடாமல் முடியவில்லை. ஒருமுறை பன்னிரண்டு வரை போனார்கள்.

"ஒரே ஒரு நாள். பதினாலும் கை படாம போய்ச் சேரட்டும். அப்புறம் நான் எதையும் கேக்க மாட்டேன்" என்பாள். அவள் எதையும் கேட்காமல் இருந்த ஒரு நாளை இன்றுவரை என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்து, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானபோது அவள் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நிற்கலாமா? டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நிக்கலாம். ஏன், கல்யாணமா?" என்றார் டாக்டர்.

"அதுக்கும் மேல" என்றாள்.

வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குத் தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கடைசி ஸ்டேஷன் பக்கம் மட்டும் தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி போடாமல் வெறும் பலகை தெரிந்துகொண்டிருந்தது. குனிய முடியாததால் விட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று எனக்குப் பட்டது. அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கடுகளவு ஜல்லியைத் தூவி, பிரஷ்ஷால் ஒதுக்கி, பசையைத் தண்ணீரில் கலந்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விட்டேன். கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவள் வந்து அறை வாசலிலேயே நின்றாள்.

"பாயிண்ட்லயும் ஊத்தினீங்களா?"

ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். அங்கே நாக்கு மாதிரி இரண்டு மெல்லிய கம்பிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து வண்டியைத் திருப்பிவிடும். நான் நாலு பாயிண்ட்களின் நாக்குகளையும் ஒட்டிவிட்டிருந்தேன்.

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு..." என்றேன்.

"ஒரே மாதிரிதான் இருக்கு. எதுவும் அசையல." கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முப்பத்தெட்டு வருஷமா இந்த அறைக்குள்ள ஒரு ஆணி அடிக்கச் சொன்னா அடிச்சதில்ல. இன்னைக்குப் பாத்து உங்களுக்குக் கை அரிக்குது."

"உனக்கு உதவியா இருக்குமேன்னு செஞ்சேன்."

"நான் கேட்டேனா?"

வெள்ளியும் சனியும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் குனிந்து நோண்டினேன். வெந்நீரைச் சொட்டி ஊறவிட்டு, அவளுடைய பழைய பல் ஊசிகளால் ஜல்லியை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

"மெதுவா. அது கையா உலக்கையா?"

"மெதுவாத்தான் பண்றேன்."

"பல்லுக்குள்ள இப்படிக் குத்தியிருந்தா ஆள் எந்திரிச்சு ஓடியிருப்பான்."

"இதுல ஆள் இல்ல."

"அதான் பொறுத்துக்கிட்டு இருக்கு."

என் முதுகு விட்டுப்போயிற்று. மனிதர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் உறவினர்களைப் பார்ப்பார்கள், பெட்டி அடுக்குவார்கள். நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடுகு பொறுக்கினேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று பாயிண்ட்கள் அசைந்தன. நாலாவது என் கையிலேயே உடைந்தது. நாக்கு இரண்டு துண்டு.

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் டைம்டேபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நேர்ப்பாதைக்கு வச்சு ஆணி அடிச்சிருங்க. அந்தக் கிளைப்பாதை இனி இல்ல. டைம்டேபிளை மாத்தி எழுதுறேன்" என்றாள்.

பதினாலு வண்டிகளையும் வேறு ஸ்டேஷன்களில் ஒதுங்க வைத்து, பேப்பர் பேப்பராக எழுதினாள். சாயங்காலம் நல்ல கையெழுத்தில் நகல் எடுக்க என்னிடம் தந்தாள். எழுதும்போதே எனக்கு உறுத்தியது. ஆறாவது வண்டியும் ஒன்பதாவது வண்டியும் பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஒரே பாதையில் எதிரெதிராக வந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு சுழி போட்டுக் காட்டினேன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "புலவர் இதுக்காவது ஆகுறாரே" என்று சொல்லி, ஒன்பதாவது வண்டியைக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளினாள். பாராட்டு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். காலில் வீக்கம் இருந்ததால், உட்கார்ந்துகொண்டே உத்தரவு கொடு என்று கெஞ்சிப் பார்த்தேன். உட்கார்ந்தால் கடைசி ஸ்டேஷன் தெரியாதாம். நின்றாள். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

"டேய், அது பஸ் இல்ல. ஸ்டேஷன்ல நில்லு" என்று மூன்றாவது வண்டியிலேயே தம்பியை அதட்டினாள்.

"நான் நிப்பாட்டத்தான் வந்தேன்க்கா. யாருமே கை காட்டல."

"உனக்கு லைசென்ஸ் கொடுத்தவனைத்தான் முதல்ல பிடிச்சு உள்ள போடணும்."

தையல்காரர் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு, கை படாமல் நீளக் கொக்கியால் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவதை, ஊசி கோப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். தபால்காரர் வழக்கம்போலப் பேசவே இல்லை. ஆறும் ஒன்பதும் சண்டை போடாமல் விலகிப் போயின. பத்து போயிற்று. பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாவதும் போய்ச் சேர்ந்தது. நான் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. பலகையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினாலாவது ஒரு சரக்கு வண்டி. தபால்காரர் ஓட்டினார். கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு சாண் இருக்கும்போது எஞ்சினின் சின்ன விளக்கு அணைந்தது. வண்டி நின்றுவிட்டது.

எனக்குப் பக்கத்தில்தான் நின்றது. குனிந்து பார்த்தால் தண்டவாளத்தின் தலையில் பளபளவென்று ஒரு படலம். என் பசை. காய்ந்த பசையில் மின்சாரம் போகாது. நாலு பாயிண்ட்களையும் நோண்டினோம், சரக்கு வண்டி மட்டும் வரும் இந்த ஓரப் பாதையைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இவள் நிற்பாள்? இந்தக் கழுதை வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆள்காட்டி விரலை நீட்டித் தள்ளினேன். விளக்கு எரிந்தது. வண்டி தானாக ஊர்ந்து போய் ஸ்டேஷனில் நின்றது.

மச்சினன் கை தட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் கையில் இருந்த சீட்டை எனக்குக் காட்டினாள். நடு ஸ்டேஷனில் சும்மா நிற்கும் எஞ்சினைப் பின்னாலிருந்து அனுப்பி, நின்ற வண்டியைத் தள்ளிவிடச் சொல்லும் உத்தரவு. நிஜ ரயில்வேயில் அப்படித்தான் செய்வார்களாம். கை பட்டதாக ஆகாது. தபால்காரரின் விரல் அந்த எஞ்சினுக்கான குமிழ்மேல் இருந்தது.

"யார் கேட்டா உங்கள?" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

"உன்னால நிக்க முடியல. கால் வீங்கிப் போச்சு."

"என் கால் எனக்குத் தெரியாதா? நின்னேன்ல? நாலு வருஷம் நின்னேன். இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டேனா?"

அவளை நாற்காலியில் உட்கார வைக்கத் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். பிறகு அவளாக உட்கார்ந்து, பதிவேட்டில் எழுதினாள். 'வண்டி 14: கை. காரணம்: தண்டவாளத்தில் பசை.' யாருடைய கை என்று எழுதவில்லை.

திங்கள் முழுக்க என்னிடம் பேசவில்லை. செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில், "கதவைப் பூட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அதன் பிறகு பதினோரு வாரம் இருந்தாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் மறுபடி ஓட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பசையை நான் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். தெம்பு வரவில்லை.

அவள் போன நாலாம் நாள், வந்தவர்களிடம் தம்பி பேசிக்கொண்டிருந்தான். "அக்கா கடைசியா ஓட்டினப்போ பதினாலும் கை படாம போய்ச் சேந்துச்சு. பாத்த சந்தோஷத்தோடதான் போனா."

"பதிமூணு" என்றேன்.

"மாமா..."

"பதினாலாவதை நான் விரலால தள்ளினேன். அது கைதான். அவ எழுதி வச்சிருக்கா."

"இப்ப எதுக்கு மாமா அது? விடுங்களேன்."

பல் கூடத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "சும்மா விரலால லேசாத் தள்ளினதுதானே சார். அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. அம்மாவே மறந்திருப்பாங்க" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? ஒரு விரல்தான் என்றால் நாலு வருஷம் எதற்கு? லேசாகத் தள்ளலாம் என்றால் முதல் மாதமே முடிந்திருக்குமே. ஒற்றைப் பாதை, உத்தரவு, உதவி எஞ்சின் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து அவருக்கு விளக்கினேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சினன் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த தபால்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் குமிழைத் திருப்பப் போனேன் சார். நீங்க ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா போய்ச் சேந்திருக்கும்."

மச்சினன் அவரை முறைத்தான்.

"சேந்திருக்கும்" என்றேன். அவருக்கு மட்டும் இன்னொரு டீ போட உள்ளே போனேன்.