நெத்தோலிக்குப் பதில் அயிலை

சம்பந்தம் பேசி முடிக்கும்வரை எதிர்த்தரப்பு தரும் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாது என்பது என் சட்டம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அது தெரிந்தும் போன வருஷம் நான் ஏமாந்தேன். ஒரு மாப்பிள்ளை வீட்டில் வற்புறுத்தினார்கள் என்று இலை போட்டு இரண்டு பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்து, ஜாதகம் சேரவில்லை என்று போனில் சொன்னார்கள். எங்கள் ஊர் அஞ்சுகிராமமே என் மகள் இந்துஜாவைப் பார்த்து 'அய்யோ பாவம்' என்றது. அந்தப் பாயசம் இன்றும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டேன்.

"நாம அங்க போகவும் வேண்டாம், அவங்க இங்க வரவும் வேண்டாம்."

"அப்ப நாகர்கோவில் ஃபுட் கோர்ட்டுக்குப் போவோம்மா," என்றாள் இந்துஜா. "அவங்கவங்களுக்கு உள்ளத அவங்கவங்க வாங்கித் தின்னலாம்."

தரகர் காட்டிய போட்டோவிலேயே பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் காலையில் மூன்று சுரிதார் மாற்றினாள். இன்னொரு முறை அவளை எவராவது வேண்டாம் என்றால் நான் தாங்க மாட்டேன்.

குற்றம் சொல்வதற்கென்றே அந்த இடத்துக்குள் நுழைந்தேன். சுற்றிலும் பதினான்கு கடைகள், நடுவே மேஜைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம், கல்யாணப் பந்தி தோற்றது. ஒரு பக்கம் ஷவர்மா சுற்றுகிறது, இன்னொரு பக்கம் ரசவடை மிதக்கிறது. குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடுகின்றன. ஏசி குளிர், மீன்கறி வாசனை. சும்மா சொல்லக் கூடாது, மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை ராஜகுமார் தோவாளையில் பூ வியாபாரம். கூட அவன் அம்மா லீலாபாய் மட்டும் வந்திருந்தாள். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே கடையில் போய் நின்றோம். நான் மரச்சீனிக்கிழங்கும் நெத்தோலிக் கறியும் சொன்னேன். அவள் கிழங்கும் அயிலை மீன் கறியும் சொன்னாள். அவரவருக்கு ஒரு வட்டக் கருவி கொடுத்தார்கள். சாப்பாடு தயாரானதும் அது அதிருமாம். இரண்டையும் மேஜைமேல் வைத்தோம்.

ஒன்று அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் சுயம்புராஜ் அதை எடுத்துக்கொண்டு ஓடி, தட்டோடு திரும்பினார்.

பார்த்தால் குழம்பில் கொழுத்த அயிலை! கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான், நமக்கு லாபம் என்று நினைத்து வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. அடடா! பாதித் தட்டு காலியாகும்வரை நிமிரவே இல்லை.

அடுத்த கருவி அதிர்ந்தது. ராஜகுமார் போய்த் தட்டை வாங்கி வந்தான்.

"அம்மா, இது நம்மளுது இல்ல. நெத்தோலியாக்கும்."

என் கை குழம்பில் அப்படியே நின்றது. நான் தின்றது அவர்கள் வாங்கியது. அதுவும் விரல் நுனி அல்ல, மணிக்கட்டுவரை நனைத்திருக்கிறேன்.

"அவங்க கருவிய எடுத்துட்டு ஓடியிருக்கியளே, ஒங்களுக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று சுயம்புராஜ் மேல் பாய்ந்தேன். அவர் வடை தின்பதுபோல் குனிந்துகொண்டார். தட்டில் வடை இல்லை. எழுந்துவிட்டேன்; கையைக் கழுவிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தது. இந்துஜாவைப் பார்த்தேன். கண் நிரம்பிவிட்டது அவளுக்கு. பாயசம் மறுபடி தொண்டைக்கு வந்தது. இனி இவர்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்?

லீலாபாய் மகன் கையிலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு, கிழங்கைக் குழம்பில் பிசைந்து, நெத்தோலியோடு ஒரு பெரிய உருண்டையாக வாயில் போட்டாள். மென்று விழுங்கிய பிறகுதான் பேசினாள்.

"போன வருஷக் கதை தரகர் சொல்லி எனக்கும் தெரியும். எனக்க அயிலைய நீங்க தின்னாச்சு, ஒங்க நெத்தோலிய நான் தின்னாச்சு. ரெண்டு பேரு கையும் நனஞ்சாச்சு மைனி. இனி எவளும் பின்வாங்க முடியாது, கேட்டியளா?"

அழுகை வருவதுபோல் இருந்தது, அதற்காகக் கோபமும் வந்தது. எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன்.

"கறி கொள்ளாமா மைனி, ருசியா இருக்கா?" என்று கேட்டேன்.

"உப்பு ஒரு இத்துணூண்டு கூடிப்போச்சு."

"அதுக்குத்தான் ஒங்க அயிலைய நான் விடல்ல." அவள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இஞ்ச பாருங்க, எல்லாருக்கும் ரசவடை வேணும்," என்றேன். சுயம்புராஜ் தப்பித்தோம் என்று துள்ளி எழுந்தார்.

"நீங்க இரிங்க," என்றேன். "மருமவன் போய் வாங்கிட்டு வரட்டும்."