சீர்க்கட்டிலின் தலைமாட்டுப் பலகை

பங்காரம்மா ரெக்ஸின் துணியைப் பலகையின் மேல் இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் கணவர் அழகிரிசாமி வாயில் கவ்வியிருந்த குமிழ் ஆணிகளில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டு போனால் துணி சுருங்கிவிடும் என்பது முதல் தடவை அடித்துக் கெடுத்ததில் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இழுத்துப் புடி."

"இழுத்துத்தானுங்க புடிச்சிருக்கறேன். வெரலு கன்னிப்போச்சு."

"வெரலு நாளைக்கு ஆறிப்போகும். சுருக்கம் உளுந்தா அவிய ஊட்ல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

மகள் வெங்கடலட்சுமியைக் கட்டப்போகும் பாலகோபாலின் தாய் ராமாமணி சூலூரிலிருந்து சொல்லியனுப்பியிருந்தாள். மூத்த மருமகள் கொண்டுவந்த கட்டிலுக்குத் தலைமாட்டில் மெத்தை வைத்துத் தைத்திருக்கிறது. இளையவளுடையது அதற்குக் குறைந்துவிடக் கூடாது. கட்டிலை ஆசாரி செய்தார். தலைமாட்டுப் பலகைக்கு வந்தபோது, "பஞ்சுக்கு எங்கீங்க போறது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அழகிரிசாமி அன்றே கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார். மீதி வேலையை வீட்டுக்குள் தானே செய்யத் தொடங்கினார்.

அவர் மில்லில் பஞ்சு பிரிக்கும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு நாள் வாசலில் சோதனை போட்டபோது அவர் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசிப் பைக்குள் ஒரு பொட்டலம் பஞ்சு இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. தப்புத்தான் என்று எழுதிக் கொடுத்தால் வேலை உண்டு என்றார்கள். செய்யாத காரியத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தொழிற்சங்கத்துக்காரர்கள்கூட எழுதிக் கொடுக்கத்தான் சொன்னார்கள். அதன்பிறகு அவர்களோடும் பேச்சில்லை.

பலகைக்குள் வைத்தது பங்காரம்மாவின் சீர் மெத்தையைப் பிரித்தெடுத்த பஞ்சு. அவள் அப்பன் காட்டில் விளைந்த பருத்தி.

மாப்பிள்ளை வீட்டார் சீர் எடுக்க வந்த அன்று காலையில் வாசலில் பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். கட்டில் தனியாக நின்றது. நீல ரெக்ஸினில் பித்தளைக் குமிழ்கள் வரிசை பிசகாமல் மின்னின. ராமாமணி குடங்களைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே கட்டில் பக்கம் வந்தாள். அவளோடு வந்த அண்ணன் திருமலைசாமி பருத்தி மண்டி வைத்திருப்பவர். அவர் பலகையின் மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார். கையை எடுத்ததும் மெத்தை மெல்ல எழும்பியது.

"பஞ்சு நல்ல நயமா இருக்குதுங்களே, சம்பந்தி. எந்த மில்லுதுங்க?"

வந்திருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள்.

"எங்க ஊட்டுதுங்க" என்றார் அழகிரிசாமி. "இவ பொறந்த ஊட்டுச் சீர் மெத்தை. காட்டுப் பருத்தி."

"காட்டுப் பருத்தின்னா அழுத்தினா நறநறன்னு கையில தட்டுப்படோணுமல்லங்க. இது பட்டுத் துணியாட்டம் வழுவழுங்குது."

"அண்ணா, உடுங்க" என்றாள் ராமாமணி. "மேஸ்திரி ஊட்ல பஞ்சுக்கா பஞ்சம்?"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அழகிரிசாமி சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"மில்லுப் பஞ்சுல கொட்டை இருக்காது. கையில கொட்டை எடுத்த பஞ்சுல ஒண்ணு ரெண்டு எப்படியும் தங்கும். மண்டிக்காரருக்கு நாஞ் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பருத்திக்கொட்டை காட்டிப்போட்டா என்ன செய்வீங்க?"

"பலகையை எந் தலையில வெச்சு நானே சொமந்துக்கிட்டுப் போறனுங்க."

அழகிரிசாமி உள்ளே போய்க் குறடை எடுத்து வந்தார்.

"வேண்டாமுங்க" என்றாள் பங்காரம்மா. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. குமிழ் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜமக்காளத்தில் போட்டார். ரெக்ஸினைப் புரட்டினார். பஞ்சு வெளுத்துப் புடைத்து மேலே வந்தது. ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்த்தார். அடுத்த பிடி. மூலையில் விரலை விட்டுத் தோண்டினார்.

"ஏனுங்க, கொஞ்சம் கேளுங்க." பங்காரம்மா அருகில் வந்திருந்தாள். "அதுல கொட்டை இருக்காதுங்க. நான் பொறுக்கிப்போட்டேன்."

அவர் விரல் மூலையிலேயே நின்றது.

"புள்ள தலைக்குக் குத்துமேன்னு ஒண்ணு உடாம பாத்து எடுத்தனுங்க."

"எடுத்ததெல்லாம் எங்கே?"

"எருமைக்கு வெச்சுப்போட்டனுங்க."

திருமலைசாமி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நெசமாலுமே கெட்டிக்கார எருமைங்க, சம்பந்தி. சாட்சியையே தின்னுபோட்டுது."

ராமாமணி சிரிக்கவில்லை. "கண்ணாலத்துக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. சொன்ன நாள்ல நடக்கும். பலகை மட்டும் இங்கயே கெடக்கட்டும். களவுப் பஞ்சுல எம் பையன் தலை வெக்கமாட்டான்."

வெங்கடலட்சுமி கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஆட்கள் கட்டிலிலிருந்து பலகையைக் கழற்றிச் சுவரோரம் போட்டார்கள். குடங்களும் அண்டாவும் மொட்டைக் கட்டிலும் வண்டியில் ஏறின. வண்டியோட்டி நுகத்தைத் தூக்கினான். சம்பந்திகள் சொல்லிக்கொண்டார்கள். பங்காரம்மா தலையாட்டி வழியனுப்பினாள்.

"ஒண்ணாவது தப்பியிருக்கும்" என்று அழகிரிசாமி முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "நீ எடுத்தா எல்லாத்தையுமா எடுத்திருப்பே?"

அவர் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு பஞ்சை இழை இழையாகப் பிய்க்கத் தொடங்கினார். மதியத்துக்கு மேல் தெருவில் மில்லின் முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் அவர் கீழே வேலை பார்த்தவர்கள். வேகத்தைக் குறைத்து உள்ளே பார்த்தார்கள். மீசையிலும் புருவத்திலும் முழங்கை மயிரிலும் பஞ்சு அப்பியிருக்க, அழகிரிசாமி இன்னொரு பிடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.